மீன் முள்ளில் காரணம் தேடியவர்: கவோரு இஷிகாவா

1945 ஆகஸ்டில் போர் முடிந்தபோது ஜப்பானின் பெரு நகரங்கள் பல சாம்பலாகிக் கிடந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் ஒரே இரவில் நடந்த குண்டுவீச்சில் டோக்கியோவில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. எஞ்சிய தொழிற்சாலைகளில் தயாரான பொருட்களுக்கு வெளியுலகில் மலிவானவை, விரைவில் பழுதாகுபவை என்றே பெயர். நாட்டை நிர்வகிக்க வந்த அமெரிக்கப் படையினருக்குத் தொலைபேசிகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. தொலைத்தொடர்புத் துறைக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பிக்கும் முயற்சி அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்த நாட்டின் வேலைத்தளங்களை மாற்றியவர்களில் முதன்மையானவர் கவோரு இஷிகாவா. 1915 ஜூலை 13 ஆம் திகதி டோக்கியோவில் பிறந்த அவர், 1939 இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரயோக இரசாயனவியலில் பட்டம் பெற்றார். 1939 முதல் 1941 வரை கடற்படையில் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். பின்னர் திரவ எரிபொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, 1947 இல் தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே இணைப் பேராசிரியராகத் திரும்பினார். பிற நாடுகளை ஆக்கிரமித்த ஒரு பேரரசின் கடற்படையில் அவர் பணியாற்றினார் என்பதும் அவருடைய வரலாற்றின் ஒரு பகுதியே.

ஆய்வுகூடத்தில் ஒரே பரிசோதனையைத் திரும்பச் செய்தபோதும் முடிவுகள் பெரிதும் வேறுபட்டன. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே அவர் புள்ளிவிபரவியலை நாடினார். 1949 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் மற்றும் பொறியியலாளர்கள் சங்கத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். அவருடைய தந்தை இச்சிரோ இஷிகாவா அந்தச் சங்கத்தின் தலைவர். நாட்டின் பெரும் தொழிலதிபர்கள் அமைப்புக்கும் அவரே தலைமை தாங்கினார். 1950 இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் விரிவுரையாற்ற வந்தபோது, நிறுவனத் தலைவர்களை அவர் முன் அமரவைத்தவர் இச்சிரோவே.

வெளியிலிருந்து வந்த அறிவை மகன் அப்படியே பிரதிபண்ணவில்லை. கணிதம் தெரிந்த சில நிபுணர்களிடம் மட்டும் தரம் தங்கியிருந்தால் அது தொழிற்சாலையின் தரையை எட்டாது என்று கண்டார். எனவே எழுத, வாசிக்க, கூட்டிக் கழிக்கத் தெரிந்த எவரும் பயன்படுத்தக்கூடிய ஏழு கருவிகளை ஒன்றுதிரட்டினார். குறைகளை எண்ணிக் குறிக்கும் சரிபார்ப்புத் தாள், பெரும்பாலான குறைகளுக்குக் காரணமான சிலவற்றை முன்னால் நிறுத்தும் பரேட்டோ வரைபு, அளவுகள் எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் பட்டை வரைபு, இரண்டு விடயங்களின் தொடர்பைக் காட்டும் சிதறல் வரைபு, கட்டுப்பாட்டு வரைபு, தரவுகளை வகைவாரியாகப் பிரித்தல் ஆகிய ஆறும் அவற்றில் அடங்கும்.

ஏழாவதுதான் அவர் பெயரைத் தாங்கிய காரண-விளைவு வரைபடம். பார்வைக்கு மீன் முள்ளைப் போலிருக்கும். பால் பதனிடும் நிலையம் ஒன்றில் பால் அடிக்கடி திரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனின் தலையில் அந்தப் பிரச்சினையை எழுதுவார்கள். நடு முள்ளிலிருந்து ஆட்கள், இயந்திரம், மூலப்பொருள், வேலைமுறை எனக் கிளைகள் பிரியும். பாத்திரம் கழுவுபவர், வண்டி ஓட்டுபவர், கணக்கெழுதுபவர் என எல்லோரும் தமக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று மேலும் கேட்பார்கள். பிறகு சரிபார்ப்புத் தாளுடன் போய் எது உண்மை என்று எண்ணிப் பார்ப்பார்கள். யார் குற்றவாளி என்ற கேள்வி அங்கே எது காரணம் என்று மாறிவிடுகிறது. பழி வராது என்று தெரிந்தால்தான் கீழ்மட்டத்தில் இருப்பவர் வாய் திறப்பார்.

1962 இல் முன்னணித் தொழிலாளருக்கும் மேற்பார்வையாளருக்குமான தரக் கட்டுப்பாட்டுச் சஞ்சிகை ஒன்று வெளிவரத் தொடங்கியது. தொழிலாளி தன் கைக்காசில் வாங்கக்கூடிய விலையில் அது இருக்க வேண்டும் என்பதில் இஷிகாவா உறுதியாக இருந்தார். அதை ஒன்றாக இருந்து வாசித்துத் தங்கள் வேலையில் பரீட்சித்துப் பார்க்கும் சிறு குழுக்களே தர வட்டங்கள் ஆயின. முதலாவதாகப் பதிவான வட்டம் மட்சுயாமா நகரில் இருந்த தொலைபேசித் தந்திப் பொதுக் கூட்டுத்தாபன ஊழியர்களுடையது. 16 ஆண்டுகளுக்கு முன் பழுதுக்குப் பெயர்போன அதே துறை.

வட்டத்தில் சேர்வது தொழிலாளரின் சுயவிருப்பமாக இருக்க வேண்டும் என்றும், அடுத்த கட்ட வேலையைச் செய்பவரை வாடிக்கையாளராக மதிக்க வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். பல நிறுவனங்கள் முதலாவதை மறந்தன. 2002 இல் டொயோட்டா தொழிற்சாலை ஊழியர் ஒருவர் மிகை வேலையால் இறந்தார். 2007 இல் நாகோயா மாவட்ட நீதிமன்றம், தர வட்டத்தில் அவர் செலவிட்ட நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட்டது. தொழிலாளியின் குரலுக்காகப் பிறந்த ஒரு முறை, அவர்மீது ஏற்றப்பட்ட இன்னொரு சுமையாகவும் மாறலாம் என்பதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது.

ஜப்பானின் இந்த வேலைத்தள மரபு இலங்கைக்கும் வந்தது. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, ஜப்பானிய ஒழுங்கமைப்பு முறையையும் ஊழியர் மேம்பாட்டுக் குழுக்களையும் கொண்டு தன்னைச் சீர்படுத்தியது. அந்த அனுபவம் ஜப்பானிய உதவியுடன் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது.

இஷிகாவா 1989 ஏப்ரல் 16 ஆம் திகதி காலமானார். ஜப்பான் மீண்டெழுந்ததற்கு அவர் மட்டுமே காரணமல்ல. அமெரிக்க உதவி, கொரியப் போர் கொண்டுவந்த வர்த்தகம், அரசின் கொள்கை எனப் பல இருந்தன. அந்த மீன் முள்ளிலும் பல கிளைகள் உண்டு. அழிவுக்குப் பிறகு மூலதனமும் இயந்திரமும் வெளியிலிருந்து வரலாம். ஆனால் எங்கே பிழைக்கிறது என்பது அந்த வேலையை அன்றாடம் செய்பவருக்குத்தான் முதலில் தெரியும். கூட்டுறவுச் சங்கமோ, பாடசாலையோ, வைத்தியசாலையோ அவரிடம் கேட்காமல் தீட்டும் எந்தத் திட்டமும் பாதி அறிவோடு தீட்டப்பட்டதே.