வானொலிப் பொய்களுக்கு எதிராக இரண்டாண்டுகள்: ஆர்வெலின் இந்தியப் பணி

கரோல் பாக் (புதுதில்லி): இந்தியா - பாகிஸ்தான் மோதல் நடந்த 2025 மே மாதத்தில், பழைய விடியோக்களும் கணினி விளையாட்டுக் காட்சிகளும் போர்ச் செய்திகளாகக் கைப்பேசிகளில் உலவின. எது செய்தி, எது எதிரியின் புரளி என்ற அதே குழப்பம், தமிழர்கள் நெடுங்காலமாக வசிக்கும் இப்பகுதி உள்பட தில்லியை இரண்டாம் உலகப் போரின்போது சிற்றலை வானொலி வழியாக எட்டியது. ஜெர்மனியின் பிரசாரத்தை எதிர்கொள்ளவே அகில இந்திய வானொலி 1939 அக்டோபரில் பஷ்தூ மொழியில் வெளிநாட்டு ஒலிபரப்பைத் தொடங்கியது.

அந்தப் பணிக்காக லண்டனில் அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். பிகாரின் மோதிஹாரியில் 1903 ஜூன் 25-ல் பிறந்தவர். தந்தை அபினித் துறை அலுவலர். பர்மாவில் 5 ஆண்டுகள் காவல் அதிகாரியாக இருந்து, ஏகாதிபத்தியத்தை வெறுத்து வெளியேறினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937-ல் கழுத்தில் குண்டு பாய்ந்தது. நடக்காத சண்டைகளை நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதியதை அங்கேதான் நேரில் கண்டார்.

1941 ஆகஸ்டில் பிபிசியின் கிழக்கத்திய ஒலிபரப்பில், இஸட்.ஏ. புகாரியின் கீழ் இந்தியப் பிரிவில் சேர்ந்தார். வாராந்திரப் போர்ச் செய்தி விமர்சனங்களை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ், வங்காளம், மராத்தி, குஜராத்தி ஒலிபரப்புகளுக்கும் மொழிபெயர்ப்புக்காக எழுதித் தந்தார். முல்க் ராஜ் ஆனந்த், இலங்கைத் தமிழ்க் கவிஞர் தம்பிமுத்து ஆகியோரையும் ஒலிவாங்கியின் முன் அமர்த்தினார். ஜெர்மனியும் ஜப்பானும் சொல்லும் கதைகளைத் தேதிவாரியாக, நிலவரைபடத்தை முன்வைத்தாற்போல் பிரித்துக்காட்டுவது அவரது முறை. தோல்விகளை அவர் மறைக்கவில்லை.

ஆனால், அவருக்கு எதிரே ஒலித்தது அந்நியக் குரல் மட்டுமல்ல. சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரியிலேயே பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸ் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். பின்னாளில் மலேயாவின் தமிழ்த் தொழிலாளர்கள் அவரது படையில் திரண்டனர். இந்திய நேயருக்கு லண்டன்தான் அந்நியம். இந்திய விடுதலையை ஆதரித்த ஆர்வெல் இதை அறியாதவர் அல்லர். கிரிப்ஸ் தூது முறிந்து, ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டபோது, அவர்களைச் சிறையிட்ட அரசின் தணிக்கைக்கு உட்பட்டே அவர் எழுத வேண்டியிருந்தது. பொய்யை எதிர்க்க வந்தவர், தாமும் ஒரு தரப்பின் பிரசாரகரே என்பதை உணர்ந்திருந்தார். அந்த நேர்மை இன்றைய உண்மை சரிபார்ப்பாளர்கள் பலரிடம் காணக்கிடைப்பதில்லை.

இந்தியாவில் கேட்போர் மிகச் சிலரே என்று பிபிசியின் சொந்த ஆய்வே தெரிவித்தது. பயனற்ற வேலையில் காலம் கழிவதாகக் கருதி 1943 செப்டம்பரில் ராஜிநாமா கடிதம் கொடுத்த அவர், நவம்பரில் வெளியேறினார். அதன் பிறகு எழுதியவையே 'விலங்குப் பண்ணை' (1945), '1984' (1949). பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் அமைச்சக ஊழியரே பின்னதன் நாயகர்.

1950 ஜனவரி 21-ல், 46 வயதில், காசநோயால் ஆர்வெல் காலமானார். இந்திய ஒலிபரப்புக்காக அவர் எழுதிய பிரதிகள் பிபிசி ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1985-ல் நூலாக வெளிவந்தன.