இலையறிந்த வைத்தியர் இட்டி அச்சுதன்

மரங்களை அடையாளம் காணப் பூவும் காயும் உதவும். ஆனால் அவை ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. பெரும்பாலான மரங்களில் நெடுநாள் கண்முன் நிற்பது இலையே. ஆகவே மூலிகை தேடிச் செல்லும் வைத்தியர், இலையைப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்லக் கற்றிருக்க வேண்டும். இவ்வறிவைப் பரம்பரையாகப் பெற்று உலகிற்கு ஈந்தவர் இட்டி அச்சுதன். இவர் பதினேழாம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்தவர்.

பிறப்பும் தொழிலும்

சேர்த்தலையை ஒட்டிய மணற்பாங்கான கடற்கரைப் பகுதிக்குக் கரப்புறம் என்பது பழம்பெயர். அங்குள்ள கடக்கரப்பள்ளி என்னும் சிற்றூரில், கொல்லாட்டு என்னும் வைத்தியக் குடும்பத்தில் இட்டி அச்சுதன் தோன்றினார். ஈழவர் சமூகத்தைச் சேர்ந்த அக்குடும்பத்தார், செடிகளின் பெயரையும் குணத்தையும் எழுதிய ஏட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

ஏட்டுக் கல்வி மட்டும் வைத்தியருக்குப் போதாது. எட்டியும் தேற்றாவும் ஒரே இனத்து மரங்கள். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இரண்டிலும் இலையின் அடியிலிருந்து மூன்று அல்லது ஐந்து நரம்புகள் நுனி நோக்கிச் செல்லும். எட்டியின் இலை அகன்று பெரிதாக இருக்கும். தேற்றாவின் இலை அதனினும் சிறியது. தேற்றாங்கொட்டை கலங்கிய நீரைத் தெளிய வைக்கும். எட்டிக்கொட்டையோ உயிரைப் பறிக்கும் நஞ்சு. இவற்றை வேறுபடுத்தி அறியாதவர் கையில் மருந்தே நஞ்சாகிவிடும். அதனால் இலையறிவு என்பது வைத்தியத் தொழிலில் உயிர் காக்கும் அறிவாகும்.

கொச்சியிலிருந்து வந்த அழைப்பு

1663ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரை வென்று கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டைக்கு அருகிலுள்ள மட்டாஞ்சேரியில் கொச்சி அரசரின் அரண்மனை இருந்தது. கொங்கணியரும் யூதரும் பிற வணிகரும் அங்கே வாழ்ந்தனர். மிளகும் இஞ்சியும் ஏலமும் அவ்வழியே கடல் கடந்தன.

1670ஆம் ஆண்டில் ஹென்ட்ரிக் வான் ரீடு என்பவர் மலபார்ப் பகுதியின் டச்சு ஆட்சித்தலைவரானார். டச்சுப் படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் மருந்துகள் மிகுதியாகத் தேவைப்பட்டன. மலபாரில் விளையும் செடிகளையும் அவற்றின் பயனையும் முறையாகத் தொகுத்து நூலாக்க வான் ரீடு விரும்பினார். கொச்சி அரசரும் அப்பணிக்குத் துணை நின்றார். செடிகளை நன்கறிந்த வைத்தியர் வேண்டும் எனத் தேடியபொழுது, இட்டி அச்சுதன் கொச்சிக் கோட்டைக்கு அழைக்கப்பட்டார்.

நூல் உருவான முறை

பலர் காடுகளுக்குச் சென்று கிளைகளையும் இலைகளையும் காய்களையும் கொண்டு வந்தனர். ஓவியர்கள் அவற்றைப் பார்த்து வரைந்தனர். இட்டி அச்சுதன் ஒவ்வொன்றின் பெயரையும் மருத்துவக் குணத்தையும் மலையாளத்தில் எடுத்துரைத்தார். மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ அதைப் போர்த்துகீசிய மொழியில் மாற்றினார். பின்னர் அது இலத்தீனில் எழுதப்பட்டது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் இப்பணியில் பங்கேற்றனர்.

அந்நூலில் இடம்பெற்ற மரங்கள் சிலவற்றை இலையைக் கொண்டே இன்றும் நாம் அறியலாம்.

ஏழிலைப்பாலையில் ஏறத்தாழ ஏழு இலைகள் ஒரே கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். மரத்தின் பெயரே அதன் அடையாளமாகும். அரசின் இலை இதய வடிவானது. அதன் நுனி வால்போல் நீண்டிருக்கும். ஆலின் இலை தடித்தது; அதற்கு வால்நுனி இல்லை. வில்வத்தில் மூன்று சிற்றிலைகள் ஒரு காம்பில் சேர்ந்திருக்கும்; கசக்கினால் மணம் வீசும். வேம்பின் சிற்றிலைகள் ஓரத்தில் பற்களுடன், அரிவாள்போல் சற்று வளைந்திருக்கும்.

புளியின் வரலாறு இன்னும் சுவையானது. அதன் தாயகம் ஆப்பிரிக்கா. பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, நம் மண்ணின் மரமாகவே மாறிவிட்டது. நடுநரம்பின் இருபுறமும் சிறுசிறு இலைகள் இணையிணையாக அமைந்திருக்கும். இரவில் அவை குவிந்துவிடும். ஆப்பிரிக்காவில் நின்றாலும் மட்டாஞ்சேரியில் நின்றாலும் புளியமரத்தை இவ்விலையே காட்டிக்கொடுக்கும்.

சான்றுரை

1675ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இட்டி அச்சுதன் தம் கையால் ஒரு சான்றுரை எழுதினார். தாம் கரப்புறத்துக் கொல்லாட்டுக் குடும்பத்து வைத்தியர் என்றும், தம் குடும்ப ஏட்டிலிருந்தும் நெடுநாள் அனுபவத்திலிருந்தும் அறிந்தவற்றையே எடுத்துக் கூறியதாகவும் அதில் உறுதியளித்தார். கோலெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் அமைந்த அச்சான்றுரை நூலின் முதல் தொகுதியில் அவ்வாறே அச்சிடப்பட்டது.

சாதியால் மக்களை உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்த காலம் அது. ஈழவர்க்குப் பல உரிமைகள் மறுக்கப்பட்டிருந்தன. ஆயினும் அந்தணர் மூவர் அளித்த சான்றுரை இடம்பெற்ற அதே நூலில் ஈழவ வைத்தியரின் சான்றுரையும் இடம்பெற்றது. அறிவுக்குரியவர் யார் என்பதை அந்தப் பக்கம் மறைக்கவில்லை.

கடல் கடந்த பெயர்

ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் அந்நூல் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலபார்த் தோட்டம் என்பது அப்பெயரின் பொருள். அதில் 742 தாவரங்கள் விளக்கப்பட்டுள்ளன. அவற்றின் மலையாளப் பெயர்கள் படங்களுடன் பொறிக்கப்பட்டன. மலையாளச் சொற்கள் முதன்முதலில் அச்சேறியது இந்நூலில்தான் என்பர். பணி முற்றுப்பெறும் முன்னரே, 1691இல், வான் ரீடு கடற்பயணத்தில் இறந்தார். அவர் உடல் சூரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

தாவரங்களுக்கு இருசொற்பெயர் வழங்கிய லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் 1753இல் வெளியிட்ட தம் நூலில் மலபார்ச் செடிகளுக்கு ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலையே சான்றாகக் காட்டினார். ப்ளூம் என்னும் தாவரவியலாளர் ஒரு செடிப் பேரினத்திற்கு அச்சுதெமியா என்று அச்சுதன் நினைவாகப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அடங்கியிருந்த நூலைத் தாவரவியல் பேராசிரியர் மணிலால் பல்லாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பு 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தன. கேரளச் செடிகளைப் பற்றிய அறிவு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கேரள மக்களின் மொழியிலேயே திரும்பி வந்தது.

ஓலை செல்லரிக்கும், குடும்பத்துள் மட்டும் காத்த அறிவு அக்குடும்பத்தோடு மறையவும் கூடும். இட்டி அச்சுதன் தாம் அறிந்ததைப் பிறர்க்கு ஈந்தார். ஈந்தது இன்னார் என்பதையும் எழுதி வைத்தார். அதனால் செடிகளின் பெயரும் அவர் பெயரும் ஒருங்கே நிலைத்தன.

சொற்பொருள்

ஈந்தார் – கொடுத்தார்
ஏடு – ஓலையில் எழுதிய நூல்
சான்றுரை – உண்மை என உறுதிகூறும் எழுத்து
செல்லரித்தல் – கறையானால் அரிக்கப்படுதல்

பயிற்சி

1. வைத்தியருக்கு இலையறிவு ஏன் இன்றியமையாதது? எட்டி, தேற்றா ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.
2. அரச இலைக்கும் ஆலிலைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. இட்டி அச்சுதனின் சான்றுரை எவ்வகையில் சிறப்புடையது?
4. உங்கள் பள்ளி வளாகத்தில் உதிர்ந்து கிடக்கும் ஐந்து வகை இலைகளைத் திரட்டுக. ஒவ்வொன்றின் வடிவம், நுனி, ஓரம், நரம்பு ஆகியவற்றைக் குறித்து, மரத்தின் பெயரை எழுதுக. பெயரைச் சொல்லித் தந்தவரின் பெயரையும் அதனருகே எழுதுக.