பொறிவண்டைத் தேடிய பயணம்

பழனிமலைச் சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் காப்பி பயிராகிறது. அச்செடிகளின் கணுக்களிலும் காய்க்கொத்துகளிலும் சில வேளைகளில் மாவு தூவியதுபோல் வெண்மை படரும். அது சாற்றை உறிஞ்சிச் செடியை நலிவிக்கும் மாவுப்பூச்சி. அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி மருந்து எளிதில் உட்புகாது. ஆயினும், அதனை இரையாகக் கொள்ளும் பொறிவண்டு ஒன்று உண்டு. அதனைப் பயிர்க்காவலுக்குக் கொண்டுவந்த பெருமை ஆல்பர்ட் கோபெலே என்னும் பூச்சியியலாளரைச் சாரும்.

1853இல் ஜெர்மனியின் வால்ட்கிர்ச் பகுதியில் பிறந்த கோபெலே, இளமையில் அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டு வேளாண்துறையில் சேர்ந்தார். அந்நாளில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைப் பஞ்சுச் செதில் பூச்சி அழித்துவந்தது. மருந்துகள் பயனளிக்கவில்லை. மனமுடைந்த உழவர் பலர் தாம் வளர்த்த மரங்களைத் தாமே வெட்டி எரித்தனர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அப்பூச்சியை, அதன் தாயகத்தில் ஏதேனும் ஓர் உயிர் அடக்கி வைத்திருக்கவேண்டும் எனப் பூச்சியியல் பிரிவின் தலைவர் ரைலி கருதினார். ஆனால், அயல்நாட்டுப் பயணத்திற்குத் துறையின் பணத்தைச் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை. எனவே, மெல்போர்ன் கண்காட்சிக்குச் சென்ற குழுவில் ஒருவராக 1888இல் கோபெலே கப்பலேறினார். அடிலெய்டு நகரத் தோட்டமொன்றில், அச்செதில் பூச்சியைத் தின்னும் ரொடோலியா பொறிவண்டைக் கண்டார். அவர் அனுப்பிய 129 வண்டுகள், லாஸ் ஏஞ்சல்ஸில் கூடாரத்தால் மூடிய ஆரஞ்சு மரத்தில் விடப்பட்டன. அவை பல்கிப் பெருகி, தோப்பு தோப்பாகப் பரவின. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கலிபோர்னியத் தோப்புகள் மீண்டும் தழைத்தன.

1891இல் மறுபடியும் ஆஸ்திரேலியா சென்ற கோபெலே, மாவுப்பூச்சியை உண்ணும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டைக் கலிபோர்னியாவிற்கு அனுப்பினார். 1893 முதல் ஹவாய்த் தீவுகளில் பணியாற்றி, அங்கும் அதனைக் குடியேற்றினார். இறுதிக்காலத்தில் தாய்மண் திரும்பிய அவர், 1924இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி நம் மலைகளையும் எட்டியது. காப்பியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898இல் கிரிப்டோலேமஸ் இந்தியாவிற்கு வந்தது. அந்நோக்கம் நிறைவேறவில்லை, ஆனால், தனக்குரிய இரையான மாவுப்பூச்சியைக் கண்டு, அது இம்மண்ணில் நிலைத்தது. நீலகிரியிலும், பின்னர்க் கொடைக்கானலிலும் பஞ்சுச் செதில் பூச்சி தோன்றியபோது ரொடோலியாவே துணைநின்றது. இன்று பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதனை இரையாக்கிக் கிரிப்டோலேமஸைப் பெருக்கித் தோட்டங்களில் விடுகின்றனர்.

இவ்வண்டின் புழுவும் வெண்மெழுகு போர்த்து, மாவுப்பூச்சி போலவே தோன்றும். அறியாதோர் அதனைப் பகையென எண்ணி நசுக்கிவிடுவர். சற்றே பெரிய உருவமும் விரைந்த நடையும் அதனை வேறுபடுத்திக் காட்டும். இலையைப் பொறுமையுடன் உற்றுநோக்கிய பின்னரே மருந்தைக் கையிலெடுக்கவேண்டும் என்பதே கோபெலேயின் வாழ்வு உழவர்க்கு உணர்த்தும் பாடம்.