மின்னலை ஆராய்ந்த மேதை

தொலைவிலுள்ள நிலையத்திற் பிறக்கும் மின்னாற்றல் மலையையும் ஆற்றையும் கடந்து வந்து, மாளிகைக்கும் குடிசைக்கும் ஒருங்கே ஒளி வழங்குகின்றது. அவ்வாறு வருவது பெரும்பாலும் மாறுதிசை மின்னோட்டமேயாகும். அதன் போக்கைக் கணக்கிட்டு அறியும் நெறியைப் பொறியாளர்க்கு வகுத்துத் தந்தவருள் தலைசிறந்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் ஆவார்.

இவர் 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், அக்காலத்தில் பிரஷ்ய நாட்டைச் சார்ந்திருந்த பிரெஸ்லா நகரில் தோன்றினார். அந்நகர் இன்று போலந்து நாட்டின்கண் உள்ளது. தந்தையார் புகைவண்டித் துறையிற் பணிபுரிந்தவர். அன்னையாரை மழலைப் பருவத்திலேயே இழந்தமையால், பாட்டியாரே இவரைச் சீராட்டி வளர்த்தார். பாட்டனார்க்கும் தந்தையார்க்கும் இருந்த முதுகுக் கூன் இவருக்கும் வந்து வாய்த்தது. வளர்ந்த பின்னரும் இவரது உயரம் ஏறத்தாழ நான்கடியே. எனினும், கணிதத்தில் இவருக்கு ஒப்பாக நின்ற மாணவர் மிகச் சிலரே.

பிரெஸ்லாப் பல்கலைக்கழகத்திற் பயிலுங்கால், உழைப்போர் உரிமை பெறல் வேண்டும் என்னும் பொதுவுடைமைக் கொள்கை இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அக்கொள்கையினரை ஒடுக்குதற்குப் பிஸ்மார்க்கின் அரசு கடுஞ்சட்டம் இயற்றியிருந்த காலம் அது. காவலர் தம்மைத் தளைப்படுத்த முனைவதை அறிந்த ஸ்டைன்மெட்ஸ், 1888ஆம் ஆண்டில் ஊரைவிட்டு நீங்கிச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரை அடைந்தார். பட்டம் கைக்கெட்டும் வேளையில் அதனைக் கைவிட நேர்ந்தது. தந்தையாரையும் பிரிய நேர்ந்தது.

மறு ஆண்டில், நண்பர் ஒருவருடன் கப்பலேறி நியூயார்க்குத் துறைமுகத்தை அடைந்தார். கையிற் பொருளில்லை, ஆங்கிலமும் நன்கு வாராது. அவரது கூனுடலைக் கண்ட அதிகாரிகள், இவர் பிறர்க்குச் சுமையாவார் எனக் கருதித் திருப்பி அனுப்ப எண்ணினர். உடன்வந்த நண்பர், இவர் பெரும் கணித வல்லுநர் என்று எடுத்துரைத்துத் தாமே பொறுப்பேற்ற பின்னரே, கரையிறங்க இசைவு கிடைத்தது.

யாங்கர்ஸ் என்னும் ஊரில் ருடால்ப் ஐக்கமையர் என்பார் நடத்திய தொழிற்சாலையில் இவர் வரைவாளராக அமர்ந்தார். ஐக்கமையரும் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவரே. மின்பொறிகளின் இரும்பு உள்ளகம் மாறுதிசை மின்னோட்டத்தால் மாறிமாறிக் காந்தமாகும்போது, ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகி வீணாகும். இதனைக் காந்தத் தயக்கம் என்பர். எவ்வளவு வீணாகும் என்பது, பொறியைச் செய்து முடித்து ஓட்டிப் பார்த்த பின்னரே அக்காலத்துப் பொறியாளர்க்கு விளங்கும். பிழையிருப்பின் பொருளும் உழைப்பும் பாழாம். ஸ்டைன்மெட்ஸ் பல ஆய்வுகள் நிகழ்த்தி, அவ்விழப்பை முன்னரே கணக்கிடும் விதியைக் கண்டு 1892இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், கலப்பெண்களைக் கொண்டு மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளை எளிதிற் செய்யும் முறையைச் சிகாகோ நகரில் நடைபெற்ற மின்னியல் மாநாட்டிற்கு வழங்கினார். ஐக்கமையரின் தொழிலை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வாங்கியபோது, ஸ்டைன்மெட்ஸும் அந்நிறுவனத்தைச் சேர்ந்து ஸ்கெனெக்டடி நகரிற் குடியேறினார். 1902 முதல் அங்குள்ள யூனியன் கல்லூரியிற் பேராசிரியராகவும் விளங்கினார்.

புகழ் வந்தது, பொருளும் வந்தது, ஆயினும் வீடு வெறுமையாகவே இருந்தது. மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த கூன் நான்காம் தலைமுறையையும் பற்றலாகாது எனக் கருதி, மணம் செய்துகொள்வதில்லை என அவர் உறுதி பூண்டிருந்தார். மக்கட்செல்வத்தை விரும்பாதவரல்லர் அவர். பிறவாத குழந்தையின் துன்பத்தைத் தம் இன்பத்தினும் பெரிதாக எண்ணியவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஜோசப் ஹேடன் என்னும் இளைஞர் துணைபுரிந்து வந்தார். 1903இல் ஹேடன் கொரின் என்பாரை மணந்தார். அவ்விருவரையும் தம் இல்லத்திலேயே வந்து வாழுமாறு ஸ்டைன்மெட்ஸ் வேண்டினார். பின்னர் ஹேடனைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டார். எவ்வளவு பெரிய ஆய்வாயினும் அதனை நிறுத்திவிட்டு, குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ணுதல் வேண்டும் என மருமகளார் வற்புறுத்தினார். உலகம் போற்றிய அறிஞர் அவ்வாணைக்குப் பணிந்தார். பேரக்குழந்தைகள் மூவர் பிறந்தனர். அவர்களுக்குக் கதை சொல்வதும் விந்தைகள் செய்து காட்டுவதுமே பாட்டனாரின் பெருமகிழ்ச்சியாயின.

1920ஆம் ஆண்டில், ஆற்றோரத்தே இருந்த அவரது குடிலை மின்னல் தாக்கிற்று. அங்கிருந்த கண்ணாடி சுக்குநூறாய்ச் சிதறிற்று. வேறொருவராயின் இழப்பை எண்ணி வருந்தியிருப்பர். ஸ்டைன்மெட்ஸோ சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, மின்னல் சென்ற வழியை ஆராய்ந்தார். 1922இல் ஆய்வுக்கூடத்திலேயே 1,20,000 வோல்ட் அழுத்தமுடைய செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். மின்கம்பிகளையும் பொறிகளையும் மின்னலினின்று காக்கும் கருவிகளைச் சோதித்துச் செம்மைப்படுத்த அது பெரிதும் உதவிற்று.

பொதுப்பணியிலும் அவர் பின்தங்கினாரல்லர். ஸ்கெனெக்டடியின் கல்விக் குழுத் தலைவராகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல்கள் கிடைக்கவும், குடிபெயர்ந்து வந்தோரின் மக்களுக்குத் தனி வகுப்புகள் நடக்கவும் வழி செய்தார். துறைமுகத்தில் தாம் பட்ட துயரை அவர் மறந்தாரில்லை போலும்.

1923ஆம் ஆண்டில் குடும்பத்தாருடன் அமெரிக்காவின் மேலைக் கடற்கரைவரை சென்று திரும்பிய ஸ்டைன்மெட்ஸ், அக்டோபர் 26ஆம் நாள் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். அவர் கண்ட விதியும் கணக்கு முறையும் இன்றும் மின்பொறியியல் மாணவர்க்குப் பாடமாக உள்ளன. சுமையாவார் என்று ஐயுறப்பட்ட ஒருவர், புகுந்த நாட்டிற்கு அறிவுச் செல்வமாயினார். குருதித் தொடர்பின்றியும் ஒரு குடும்பத்திற்குத் தந்தையும் பாட்டனும் ஆயினார். தோற்றங்கண்டு பிறரை எள்ளாதிருத்தலையும், இடர்கண்டு தளராதிருத்தலையும் இப்பெரியாரின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது.