ஆளறிந்து பொறுப்பளித்த சாராபாய்

எந்தப் பணியை யாரிடம் ஒப்படைப்பது என்பதற்காகவே திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்றோர் அதிகாரம் உண்டு. கடந்த நூற்றாண்டில் அதற்கு இலக்கணமாக வாழ்ந்தவர் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அகமதாபாதில் ஜவுளி ஆலைகளை நடத்திய செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து 1947-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் இயற்பியல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆராய்ச்சி சங்கத்தை உருவாக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஆலைகளில் பழுத்த அனுபவம் பெற்றவர்களை விடுத்து, அறிவியல் பயிற்சி பெற்ற இளைஞர்களையே அவர் பெரிதும் சேர்த்தார். பழைய முறைகளை ஆராய்ந்து மாற்றுவதே சங்கத்தின் நோக்கம். அதற்குக் கேள்வி கேட்கும் மனம் தேவைப்பட்டது. தொழிலாளர் உறவுகளை ஆராய உளவியல் அறிஞர் கமலா சௌத்ரியையும் அழைத்துக்கொண்டார்.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தபோதும் அதே அணுகுமுறைதான். பெங்களூரில் ஹோவர்கிராஃப்ட் வடிவமைத்துக்கொண்டிருந்த விமானப் பொறியாளர் அப்துல் கலாம், ராக்கெட் அனுபவம் இல்லாமலேயே தேர்வானார். பயிற்சிக்காக அமெரிக்காவின் நாசாவுக்கு அனுப்பப்பட்டார். 1963 நவம்பர் 21-ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. பின்னர் செயற்கைக்கோள் ஏவுகலத்தின் நான்கு நிலைகளையும் நான்கு பேரிடம் பிரித்தளித்தார் சாராபாய். நான்காம் நிலை கலாமுக்கு வந்தது. அந்த ஏவுகலம் 1980 ஜூலை 18-ஆம் தேதி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

அதைக் காண சாராபாய் இல்லை. பிறரின் திறனை அளந்து பொறுப்பளித்தவர், தமக்கு மட்டும் அளவு வைத்துக்கொள்ளவில்லை. ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் 1966-இல் அணுசக்தி ஆணையத்தின் தலைமையையும் விண்வெளிப் பணியோடு சேர்த்தே சுமந்தார். 1971 டிசம்பர் 30-ஆம் தேதி கோவளத்தில் 52-ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டே விண்வெளிக்கெனத் தனி ஆணையமும் தனித் துறையும் அமைந்தன. சதீஷ் தவன் தலைமை ஏற்றார். ஒருவர் சுமந்தது இருவருக்குரிய பணி என்பதை அமைப்பு காலந்தாழ்த்தியே உணர்ந்தது.

பணிமூப்பை மட்டுமே பார்த்துப் பதவி தருவதும், திறமைசாலி என்பதற்காக ஒருவர் மீதே பணிகளை அடுக்குவதும் நம் அலுவலகங்களில் இன்றும் தொடர்கின்றன. இரண்டையும் தவிர்ப்பது நிர்வாகத்தின் கடமை.