கூடாரத்துக்குள் விறகு அடுப்பு: எதிரிப் படைக்குக் குளிர் காயக் கொடுத்த ஜெனரல் சிப்லியின் கதை

ஜெஞ்சாரோமில் இருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குப் போய் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது மின்விசிறியாகத்தான் இருக்கும். கூடாரத்துக்குள் விறகு அடுப்பு மூட்டலாமா என்று யாராவது கேட்டால் சிரித்துவிடுவீர்கள். துணி பற்றிக்கொள்ளாதா? புகை எங்கே போகும்?

ஆனால் இந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி. கூடாரத்துக்குள்ளே ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நிம்மதியாகக் காப்பி கலக்குகிறார். பக்கத்தில் டைட்டானியத் தகட்டில் செய்த சின்ன அடுப்பு எரிகிறது. அதன் குழாய் கூரைத் துணியைத் துளைத்து மேலே போகிறது. காலையில் அடுப்பைப் பிரித்து மடித்து முதுகுப் பையில் போட்டுவிடலாம், எடை ஒன்றிரண்டு கிலோதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தாத்தா உண்டு. அதன் பெயர் சிப்லி அடுப்பு. அந்தப் பெயருக்குரியவர் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற ஜெனரல்களில் ஒருவர். அவருடைய வாழ்க்கை அவருடைய அடுப்பு அளவுக்கு நன்றாக எரியவில்லை.

யார் இந்த சிப்லி?

1816ஆம் ஆண்டு லூயிசியானாவில் பிறந்தார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்து 1838இல் வெளியே வந்ததும் குதிரைப்படையில் சேர்ந்தார். மெக்சிகோவுடன் நடந்த போரிலும் சண்டையிட்டார். இதுவரை சாதாரண அதிகாரி ஒருவரின் கதைதான்.

1850களில் அவரை டெக்சாஸ் எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கொமாஞ்சி பழங்குடி மக்களின் டீப்பி கூடாரங்களைப் பார்த்தார். எருமைத் தோலால் மூடிய கூம்பு, நடுவில் தீ, உச்சியில் புகை போக ஒரு வாய். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு ஏற்ப அந்த வாயின் மடிப்பைத் திருப்பிக்கொள்ளலாம். ராணுவத்தின் துணிக் கூடாரங்களில் வீரர்கள் குளிரில் நடுங்கிக் கிடக்க, இவர்கள் குடும்பத்தோடு கதகதப்பாகத் தூங்கினார்கள். டீப்பியைத் தைப்பதும் நிறுத்துவதும் பிரிப்பதும் பெண்களின் வேலை. சொல்லப் போனால், சிப்லியின் உண்மையான ஆசிரியர்கள் பெயர் தெரியாத அந்தப் பெண்கள்தான்.

அவர் அதை அப்படியே நகல் எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டீப்பிக்குப் பல நீளமான கழிகள் வேண்டும். சிப்லியின் கூடாரத்துக்கு ஒரே ஒரு கம்பம் போதும். அந்தக் கம்பத்தை அவர் மூன்று கால் இரும்புத் தாங்கியின் மேல் நிறுத்தினார். அதனால் கம்பத்துக்கு நேர் கீழே தீ மூட்ட இடம் கிடைத்தது. கூடாரத்தின் உயரம் 12 அடி, தரையில் குறுக்களவு 18 அடி. ஒரு டஜன் பேர் அடுப்பை நோக்கிக் கால் நீட்டி, சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி வட்டமாகப் படுக்கலாம்.

அடுப்பு எப்படி வேலை செய்தது?

இரும்புத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டிச் செய்ததுதான் அடுப்பு. அதற்கு அடித்தட்டே கிடையாது, மண்தரையின் மேல் நேராகக் கவிழ்த்து வைப்பார்கள். பக்கத்தில் விறகு போட ஒரு கதவு, உச்சியில் புகைக்குழாய். சூடான புகை குழாய் வழியாக மேலே ஏறும்போது புதுக் காற்று கீழே இழுபடும், தீ தானாகவே நன்றாக எரியும். அடித்தட்டு இல்லாததால் எடையும் குறைவு. தூக்கிச் செல்லும்போது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம், பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்குவோமே, அப்படி.

குழாய்தான் இதில் உயிர். புகை என்றால் என்ன என்று ஜெஞ்சாரோம்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 வாக்கில் சட்டவிரோத பிளாஸ்டிக் ஆலைகள் கழிவை எரித்தபோது ராத்திரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்த ஊர் அது. அந்தப் புகைக்கு நாற்றமாவது இருந்தது. விறகோ கரியோ சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேமரன் மலையில் கேம்பிங் போய், குளிருதே என்று பார்பிக்யூ கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைக்கும் ஆசை வந்தால், தயவுசெய்து வேண்டாம். குழாயும் காற்று வழியும் இல்லாத நெருப்பு கூடாரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

காப்புரிமை யாருக்கு, பணம் யாருக்கு?

1856 ஏப்ரல் 22ஆம் தேதி சிப்லியின் கூடாரத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. 1858இல் ராணுவம் ஒரு கூடாரத்துக்கு 5 டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பாதிப் பங்கை அவர் வில்லியம் பர்ன்ஸ் என்ற சக அதிகாரிக்குக் கொடுத்திருந்தார். கொமாஞ்சிகளுக்கு ஒரு காசும் இல்லை. ஜெஞ்சாரோமுக்குப் பக்கத்தில் கேரித் தீவில் மா மெரி மக்கள் முகமூடி செதுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலைமுறை தலைமுறையாகக் கையில் வந்த அறிவை எந்த அலுவலகத்தில், யார் பெயரில் பதிவது என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்து போன தென் மாநிலங்களின் பக்கம் சிப்லி போய்ச் சேர்ந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அவரே எடுத்த முடிவு. வட அரசாங்கம் அவருடைய பங்கை நிறுத்திவிட்டது, ஆனால் கூடாரம் செய்வதை நிறுத்தவில்லை. மொத்தம் சுமார் 44,000 கூடாரங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவருடைய பாதி மட்டும் சுமார் 110,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய சொத்து. வடக்கின் பக்கமே நின்ற பர்ன்ஸ் தன் பங்குக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்.

ஆக, சிப்லி யாரைத் தோற்கடிக்கக் கிளம்பினாரோ, அந்தப் படைதான் அவர் பெயர் கொண்ட அடுப்பைச் சுற்றிப் படுத்துக் குளிர் காய்ந்தது.

நியூ மெக்சிகோவில் என்ன நடந்தது?

சிப்லிக்குப் பெரிய கனவு ஒன்று இருந்தது. டெக்சாஸிலிருந்து புறப்பட்டு நியூ மெக்சிகோவைப் பிடித்து, கொலராடோவின் தங்கச் சுரங்கங்களைத் தாண்டி, கலிபோர்னியா வரை போய்விடலாம் என்று நினைத்தார். போகிற வழியில் கிடைப்பதை வைத்தே படை சாப்பிட்டுக்கொள்ளும் என்றும் நம்பினார். அந்த வறண்ட நிலத்தில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

1862 பிப்ரவரி 21இல் வால்வர்டேயில் அவருடைய படை ஜெயித்தது. எதிரே நின்றவர் பழைய ராணுவத்தில் அவரோடு இருந்த எட்வர்ட் கேன்பி. ஆனால் வெற்றி வந்த நேரத்தில் சிப்லி களத்திலேயே இல்லை. உடம்பு சரியில்லை என்று பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். குடிதான் காரணம் என்று அவருடைய வீரர்களே பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு கடைசி வரை அவரை விடவில்லை.

மார்ச் 28இல் கிளோரியெட்டா கணவாயில் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, வடக்குப் படையின் ஒரு பிரிவு மலை மேலாகச் சுற்றி வந்து, பின்னால் நின்ற சரக்கு வண்டிகளை எரித்துவிட்டது. சுமார் 80 வண்டிகள். உணவு, துணிமணி, மருந்து, தோட்டா எல்லாம் சாம்பல். குளிருக்குக் கூடாரம் கண்டுபிடித்த மனிதரின் படை, போர்த்திக்கொள்ளத் துணி இல்லாமல் சாந்தா ஃபே ஊருக்குள் வந்தது.

அங்கே அவர்களைக் கவனித்தவர் யார் தெரியுமா? எதிரித் தளபதி கேன்பியின் மனைவி லூயிசா. வடக்குப் படை மறைத்து வைத்துவிட்டுப் போன கம்பளிகள் இருக்கும் இடத்தை அவர்தான் காட்டிக் கொடுத்தார், காயம்பட்டவர்களுக்கு மருத்துவமும் ஏற்பாடு செய்தார். சிப்லியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் சிப்லி இல்லை, இவர்தான்.

பிறகு டெக்சாஸுக்குத் திரும்பிய நீண்ட நடையில் பசியிலும் தாகத்திலும் ஏராளமானவர்கள் வழியிலேயே விழுந்தார்கள்.

கடைசிக் காலம்

1863இல் லூயிசியானாவில் நடந்த சண்டைகளுக்குப் பிறகு சிப்லி ராணுவ விசாரணையைச் சந்தித்தார். விடுதலை கிடைத்தது, ஆனால் பெரிய பொறுப்பு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. 1870இல் எகிப்து ஆட்சியாளர் இஸ்மாயிலின் படையில் வேலைக்குப் போனார். அங்கேயும் குடி குறுக்கே வந்தது. மூன்று ஆண்டுகளில் அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பியவர் வறுமையில் வாழ்ந்தார். கூடாரப் பணம் கேட்டு எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. 1886 ஆகஸ்ட் 23இல் வர்ஜீனியாவின் ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரில் இறந்தார்.

அவருடைய கூடாரத்தைத் தூக்கிப் போக வண்டி வேண்டும் என்பதால், போர் முடிவதற்கு முன்பே படைகள் அதைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தன. அடுப்பு மட்டும் போகவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை அமெரிக்க ராணுவக் கூடாரங்களில் அது எரிந்துகொண்டிருந்தது.