கடல்நீரில் மருந்து கண்ட புரோட்சு

பாக் விரிகுடாக் கரையிலுள்ள திருப்பாலைக்குடியில், வலையோடு ஏறிவரும் கடற்பஞ்சைப் பயனற்றதென உதறிவிடுவர். அப்பஞ்சின் துளைகளுக்குள் பூசணங்கள் குடியிருக்கின்றன. அவற்றுட் சில, கிருமிகளைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. கடற்பூசணத்தில் மருந்து தேடலாம் என்னும் நம்பிக்கையை உலகுக்குத் தந்தவர் இத்தாலியரான ஜூசெப்பே புரோட்சு. பிளெமிங்கை அறிந்த அளவுக்கு நம் மாணவர் இவரை அறியார்.

1895இல் சார்தீனியாத் தீவின் கிலார்சா என்னும் ஊரிற் பிறந்த புரோட்சு, மருத்துவம் பயின்று, மலேரியாவை ஆராய்ந்து, காக்லியாரி நகரின் சுகாதாரவியல் நிறுவனத்திற்குத் தலைவரானார். 1945ஆம் ஆண்டு, போர் ஓய்ந்த வறுமைக் காலம். நகரச் சாக்கடை கடலிற் கலக்குமிடத்தருகே நீராடிய இளைஞரை டைபாய்டு பற்றவில்லை என்பது அவர் கருத்தை ஈர்த்தது. அந்நீரிலேயே கிருமியை அடக்கும் ஏதோவொன்று உண்டென எண்ணினார். முகந்த நீரிலிருந்து செபலோஸ்போரியம் அக்ரிமோனியம் என்னும் பூசணத்தைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு டைபாய்டுக் கிருமியையும், சீழ்க்கட்டியை உண்டாக்கும் கிருமியையும் தடுத்தது. தூய்மைப்படுத்த வசதியின்றி, அரைகுறைச் சாற்றையே நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். இக்காலத்தில் அதற்கு எவரும் இசைவளியார். அன்று டைபாய்டுக்கு வேறு மருந்தும் இல்லை.

தாய்நாட்டார் உதவ முன்வரவில்லை. 1948இல் தம் நிறுவனத்தின் சிறு வெளியீடொன்றில் முடிவுகளை அச்சிட்டார். அவர் அறிந்த ஆங்கிலேய மருத்துவ அதிகாரி ஒருவர் வாயிலாகச் செய்தி இலண்டனுக்கு எட்ட, பூசணம் ஆக்ஸ்போர்டு சென்றது. அங்கே எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953இல் செபலோஸ்போரின் சி என்னும் பொருளைக் கண்டனர். பென்சிலினைச் சிதைக்கும் நொதியை உடைய கிருமிகளும் இதன்முன் தளர்ந்தன. அதிலிருந்து ஆக்கிய செபலோதின் 1964இல் விற்பனைக்கு வந்தது.

புரோட்சு அதற்குள் அரசியலில் இறங்கிவிட்டார். 1955 முதல் 1958 வரை சார்தீனிய மாநிலத் தலைவர். 1960 முதல் 1967 வரை காக்லியாரி மேயர். அறிவியலுக்கு இஃது இழப்பென்றே நாம் கருதுகிறோம். ஆக்ஸ்போர்டு 1971இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் நல்கியது. 1976இல் காக்லியாரியிலேயே மறைந்தார். அவர் டைபாய்டுக்கெனத் தேடிய பொருளின் வழித்தோன்றலான செப்ட்ரையாக்சோன், இன்று டைபாய்டு நோயாளியின் நரம்பில் ஏற்றப்படுகிறது.